மங்கல் பக்கம்

புவெர்த்தோ மோன்ட்டில் ஜூன் என்றால் மழைதான்.
ஃபிலிமுக்கு ஈரம் ஆகாது.
அதனால் லேபில் ஒரே ஒரு ஹீட்டர்,
அதுவும் நெகடிவ் அலமாரியைப் பார்த்தபடி.
நான் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன்.

எலாதியோ பாரியா கொண்டுவந்தது பிஸ்கட் டப்பா.
உள்ளே பதினொரு துண்டு ஃபிலிம்,
துண்டுக்கு நாலு படம், சிலவற்றில் மூன்று.
ஒன்றை யாரோ படத்தின் நடுவிலேயே
கத்தரித்திருந்தார்கள்.
ரசீதில் எழுதினேன்:
கறுப்பு வெள்ளை, லேசான பூஞ்சை, அவசரமில்லை.
அவசரமில்லை என்று அவர் சொல்லவில்லை.
நானே போட்டுக்கொண்டது.

ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதி வண்ணப் படத்துக்கு.
கறுப்பு வெள்ளையில் போட்டால்
வெள்ளியையே தூசி என்று நினைத்து
கண்ணிமையைத் தின்றுவிடும்.
ஆகவே தூரிகை. மூன்று மாலை.
வலை காயும் கரை. ஒரு நாய். மறுபடி அதே நாய்.
தலைகள் வெட்டுப்பட்ட ஒரு கல்யாணம்.
பதினாலாம் படத்தில் ஓர் இளைஞன்
படகு விளிம்பில் உட்கார்ந்து சிப்பி பிளக்கிறான்,
கத்தியைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்து.
விரலை அறுத்துக்கொள்ளப் போகிறான்
என்று நான் பல்லைக் கடித்தேன்,
நாற்பது வருஷம் தாமதமாக.

வியாழன் படங்களை அனுப்பினேன்.
வெள்ளி காலை போன்.
"எல்லாம் நல்லா வந்திருக்கு" என்றார்.
இப்படி ஆரம்பிப்பவர்கள் புகார் சொல்லத்தான் ஆரம்பிப்பார்கள்.
"அண்ணன் படத்தை மட்டும் திருப்பிப் போட்டுட்டீங்க.
அவனுக்கு நொட்டாங்கை."

நடக்கிற தப்புதான்.
ஃபிலிமுக்குப் பளபளப்புப் பக்கம் ஒன்று,
மங்கல் பக்கம் ஒன்று.
தூக்கக் கலக்கத்தில் மாறிப்போகும்.
மன்னிப்பை வாயில் தயாராக வைத்துக்கொண்டு
போனைத் தோளில் இடுக்கி
துண்டை விளக்குப் பலகையில் வைத்தேன்.
ஓரத்து எண்கள் நேராக ஓடின.
சட்டைப்பை இதயத்தின் பக்கம்.
படகின் பெயர் ஒவ்வொரு எழுத்தும் நேர்:
ரொசால்பா.

"படகு பேரைப் படிக்க முடியுதா?"
"வீட்டுல இருக்கற படத்துல படகே கிடையாது.
மார்பு வரைக்கும்தான். அவனும் கத்தியும்."

பிறகு மழைச் சத்தம்,
இந்த முனையிலும், கல்புகோ முனையிலும்.

அவர் சொன்னார், என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை:
ருபெர்த்தோவைக் கடல் கொண்டுபோய்
இரண்டு வருஷம் கழித்து இவர் பிறந்தாராம்.
பள்ளியில் இடது கையைப் பெஞ்சோடு கட்டினார்களாம்.
அப்பா ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்தார்,
மாவுச் சாக்கில் சுற்றிய சட்டத்தை
டீச்சர் மேசையில் வைத்தார்.
"பாருங்க, பெரியவனும் இப்படித்தான்.
எங்க ரத்தம்."
கட்டு அவிழ்ந்தது.
அன்றிலிருந்து இடது கையால் எழுதினார்,
இடது கையால் மீன் அறுத்தார்,
பார்த்தவர்கள் எல்லாம், பார்க்காதவர்களும்,
ருபெர்த்தோ மாதிரியே என்றார்கள்.

அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.
பத்தொன்பது வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன்
எந்தக் கையில் கரண்டி பிடித்தான் என்று.

படத்தைப் பெரிதாக்கியவன் இருட்டறையில் தவறினானா,
இல்லை, ஒருவர் கவுண்டரில் சாய்ந்து
தொப்பியைச் சுருட்டியபடி
இதைத் திருப்பிப் போட முடியுமா என்று கேட்டாரா.
நெகடிவில் அதற்குத் தடயம் இருக்காது.
இருந்தாலும் தேடினேன்.

"திருப்பி அனுப்பட்டுமா? ஒரு கீதான். காசு வேண்டாம்."
"வேணாம்."
ஏதோ பாத்திரம் நகரும் ஓசை.
"இல்ல, அனுப்புங்க. ரெண்டும் இருக்கட்டும்."

தட்டினேன்.
கத்தி கை மாறியது.
சட்டைப்பை வலப்பக்கம் போனது;
அதை யாரும் கவனிக்கப் போவதில்லை,
இத்தனை வருஷம் கவனிக்கவில்லை.
ரொசால்பாதான் காட்டிக்கொடுத்தது,
எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு.
அவர் கேட்கவில்லை.
நானே வெட்டினேன்,
மார்பு வரைக்கும்.